விடை சரி, ஆனால் கடன் வாங்காமல் கழித்திருக்கிறாள்: எதைத் திருத்துவது?

#1 தேனருவி

மூன்றாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி. கணக்கு 523 − 278. மகளின் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

500 − 200 = 300
20 − 70 = 50 குறையுது
3 − 8 = 5 குறையுது
300 − 50 = 250
250 − 5 = 245

விடை சரி. ஆனாலும் சுழித்து, "கடன் வாங்கிக் கழி" என்று எழுதி வந்திருக்கிறது. இப்படிச் செய்ய வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை. இந்த முறை எல்லா எண்களுக்கும் வருமா, இல்லை இந்தக் கணக்கில் மட்டும் தப்பித்ததா? வருமென்றால் பள்ளி முறையையும் பழக்கத்தான் வேண்டுமா? ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது?

#2 ஆணிமணி

எல்லா எண்களுக்கும் வரும். நூறுகளை நூறுகளோடும், பத்துகளைப் பத்துகளோடும், ஒன்றுகளை ஒன்றுகளோடும் தனித்தனியே கழித்து, மிஞ்சியதையும் குறைந்ததையும் கடைசியில் சேர்க்கிறாள். எந்த இடத்திலிருந்து தொடங்கினாலும் மதிப்பு மாறாது.

ஆனால் இதே சாயலில் ஒரு தவறு உண்டு, மூன்றாம் வகுப்பில் அது ரொம்ப சாதாரணம். "எப்பவும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழி" என்று பிள்ளையே ஒரு விதி வைத்துக்கொள்ளும். அப்போது 5 − 2 = 3, 7 − 2 = 5, 8 − 3 = 5 என்று போய் விடை 355 ஆகிவிடும். நாற்பது நோட்டைத் திருத்துகிறவர் கண்ணில் "3 − 8 = 5" என்ற வரி பட்டதுமே கை தானாகச் சுழித்துவிடும். உங்கள் பெண்ணின் நோட்டில் அதைப் பிரித்துக் காட்டுவது "குறையுது" என்ற ஒரே சொல்தான். அதை எழுதாத நாளில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சோதிக்க இந்த நான்கைக் கொடுங்கள்:

645 − 382: பத்துகளில் 40 குறையும், ஒன்றுகளில் 3 மிஞ்சும். 300 − 40 + 3 = 263. சரியான சோதனை இதுதான். பழக்க வேகத்தில் 3ஐயும் கழித்துவிடுகிற பிள்ளைக்கு 257 வரும்.
504 − 178: 400, 70 குறையுது, 4 குறையுது. விடை 326.
431 − 236: நடுவில் 30 − 30 = 0. அந்த வரியையே விட்டுவிடுகிறாளா பாருங்கள். விடை 195.
4002 − 1785: 3000, 700 குறையுது, 80 குறையுது, 3 குறையுது. விடை 2217.

நான்கும் வந்தால் முறை கையில் இருக்கிறது. முதலாவது மட்டும் தடுமாறினால் குறைவதையும் மிஞ்சுவதையும் பிரித்து எழுதப் பழக்கினால் போதும்.

#3 கறார்கணக்கு

ஆசிரியர் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். அந்தப் பாடத்தின் பெயரே இனமாற்றக் கழித்தல். 523ஐ 4 நூறு, 11 பத்து, 13 ஒன்று என்று மாற்றி வைக்கத் தெரிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. 245 என்ற விடை அதற்குப் பதில் சொல்லாது.

அடுத்து, கழித்தல் தனியாக நிற்கிற வேலை இல்லை. நான்காம் வகுப்பில் நீள் வகுத்தல் வரும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு கழித்தல், அதுவும் இரண்டு கட்ட அகலத்தில். அங்கே ஒரு கழித்தலுக்கு ஐந்து வரி எழுத இடம் கிடையாது. 30.05 − 7.68 மாதிரி தசமம் வந்தால் நான்கு துண்டு, அவற்றில் மூன்று குறைவு. ஒவ்வொரு துண்டும் ஒரு நினைவுச் சுமை. பள்ளி முறையில் ஒரு நேரத்தில் ஒரு இலக்கம்தான் மனதில் நிற்கும். அதன் பலமே அதுதான்.

"விடை வந்தா போதாதா" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்று: 16/64இல் மேலும் கீழும் இருக்கிற 6ஐ அடித்தால் 1/4. விடை சரி. 19/95இல் 9ஐ அடித்தால் 1/5. அதுவும் சரி. முறை படு அபத்தம். 13/34இல் 3ஐ அடித்துப் பாருங்கள், 1/4 என்று வரும். 13/34 எந்த வழியிலும் சுருங்காது.

#4 ஆணிமணி

கறார்கணக்கு சார், நீள் வகுத்தல் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். 16/64 இங்கே பொருந்தாது. அது தற்செயல், இது தற்செயல் இல்லை.

அவள் நோட்டில் நாலாவது, ஐந்தாவது வரியைப் பாருங்கள். 300 − 50 = 250. இது எப்படி வந்தது? 300இல் பத்துகள் இடம் காலி. ஒரு நூறைப் பத்துப் பத்தாக உடைத்தால்தான் 50ஐ எடுக்க முடியும். 250 − 5 = 245இலும் அதே கதை, ஒரு பத்தை உடைத்தாக வேண்டும். ஆக இனமாற்றத்தை அவள் தவிர்க்கவே இல்லை, கடைசிக்குத் தள்ளியிருக்கிறாள். பள்ளி முறை முதலிலேயே உடைத்துவிட்டுக் கழிக்கச் சொல்கிறது. இவள் கழித்துவிட்டு, குறைந்த இடத்தில் மட்டும் மனசுக்குள் உடைக்கிறாள்.

தேனருவி மேடம் ஆசிரியரிடம் பேச வேண்டிய புள்ளி இது. "என் பெண் வேறு முறையில் போட்டாலும் மார்க் கொடுங்க" என்று போனால் அது வாக்குவாதம். "இனமாற்றம் நாலாவது வரியில் நடக்குது, அதை முன்னால் கொண்டுவர எப்படிப் பழக்கலாம்" என்று கேட்டால் அது பாடம் பற்றிய பேச்சு.

#5 எசன்வாசி

ஜெர்மனியிலிருந்து ஒரு தகவல். இங்கே தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று குழம்புவது கழித்தலில்தான் அதிகம். பல மாநிலங்களில் நெடுங்காலமாகச் சொல்லித்தரப்படுவது நிரப்பும் முறை. 523 − 278 இப்படிப் போகும்:

8லிருந்து 13க்கு எவ்வளவு? 5. கீழ் எண்ணின் பத்துகள் இடத்துக்கு அடியில் சின்னதாக 1.
7உம் 1உம் 8. 8லிருந்து 12க்கு? 4. நூறுகளுக்கு அடியில் சின்னதாக 1.
2உம் 1உம் 3. 3லிருந்து 5க்கு? 2.
விடை 245.

மேல் வரிசையில் ஓர் இலக்கம்கூட அடிபடாது. சிறிய 1 எல்லாம் கீழே. நம் பெற்றோர் உட்கார்ந்து மேலே 5ஐ அடித்து 4 ஆக்கச் சொல்லிக்கொடுத்தால், பிள்ளை மேலேயும் அடிக்கும், கீழேயும் 1 போடும். அதாவது ஒரே கடனை இரண்டு முறை அடைக்கிறது. பத்துகளில் 11 − 8 = 3, நூறுகளில் 4 − 3 = 1. விடை 135. சரியான விடையை விட 110 குறைவாக வந்தால் காரணம் இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இப்போது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது, அடித்து உடைக்கும் முறையும் சில இடங்களில் இருக்கிறது. ஆகவே பள்ளிப் புத்தகத்தில் சின்ன 1 மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாயைத் திறப்பது நல்லது.

பெருக்கலும் அப்படித்தான். 34 × 27ஐப் பக்கவாட்டில் எழுதி, பெரிய இடத்திலிருந்து தொடங்குவார்கள். முதலில் 68, அடுத்த வரியில் ஓரிடம் வலப்பக்கம் தள்ளி 238. மொத்தம் 918. நாம் ஒன்றுகளிலிருந்து தொடங்கி இடப்பக்கம் தள்ளுகிறோம். வகுத்தலுக்கு இரட்டைப்புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. இவை முறையே இல்லை, எழுத்து வழக்கம். இதைத் தவறு என்று சொல்லிப் பிள்ளையைக் குழப்ப வேண்டாம்.

#6 திண்ணை

எசன்வாசி சொன்ன "கீழே 1" நம்ம ஊருக்கும் புதுசில்லை. தாத்தா பாட்டிகளில் சிலர் "மேலே பத்து சேர், கீழே ஒண்ணு கூட்டு" என்றுதான் சொல்லுவாங்க. பிரிட்டன் பள்ளிகளில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பரவலாக இருந்தது. பிரான்ஸிலும் மரபான முறை அதுதான், அங்கே இருக்கிற தமிழ்ப் பெற்றோர் கவனிக்கவும். இரண்டு எண்ணோடும் ஒரே அளவைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது என்பதுதான் அடிப்படை. மேலே 10 ஒன்றுகள், கீழே 1 பத்து. அளவு ஒன்றே.

எது மேல் என்ற சண்டையும் பழசு. அமெரிக்காவில் பிரௌனல், மோசர் இருவரும் 1949இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறையையும் பொருள் விளங்கச் சொல்லிக்கொடுத்த குழு, வெறும் படிகளாகச் சொல்லிக்கொடுத்த குழு என்று நான்கு குழு. பொருள் விளங்கச் சொன்னபோது உடைக்கும் முறை முந்தியது. வெறும் படியாகச் சொன்னபோது கீழே கூட்டும் முறைதான் நன்றாக ஓடியது. கறார்கணக்கு சாருக்கும் ஆணிமணிக்கும் ஆளுக்குப் பாதி!

#7 கறார்கணக்கு

திண்ணை, அதில் எனக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொள்கிறேன். உடைக்கும் முறை விளங்கிச் செய்தால்தான் பலன், விளங்காமல் செய்தால் அதுதான் அதிகம் சொதப்பும். சொதப்புகிற இடமும் தெரிந்ததே: மேல் எண்ணில் பூஜ்யம்.

4002 − 1785. ஒன்றுகளில் 2 போதாது. பக்கத்தில் பூஜ்யம், அதற்கும் பக்கத்தில் பூஜ்யம். பிள்ளை என்ன செய்யும்? நேராக 4ஐ அடித்து 3 ஆக்கும், 2ஐ 12 ஆக்கும், நடுவில் இருக்கும் பூஜ்யங்களை 10, 10 என்று ஆக்கிவிட்டு 9 ஆக்க மறக்கும். 12 − 5 = 7, 10 − 8 = 2, 10 − 7 = 3, 3 − 1 = 2. விடை 2327. சரியானது 2217. இங்கேயும் அதே 110, ஆனால் கூடுதல். இந்த மாதிரித் தவறுகள் கவனக்குறைவு இல்லை, பிள்ளை கடைப்பிடிக்கிற ஒரு விதியின் விளைவு என்று பிரௌன், பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 1978இல் ஒரு பட்டியலே போட்டார்கள். "பார்த்துப் போடு" என்று அதட்டுவதால் ஒன்றும் ஆகாது.

மருந்து எளிது. 4002ஐ 400 பத்து, 2 ஒன்று என்று வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பத்தை எடுத்தால் 399 பத்து, 12 ஒன்று. "400" என்ற மூன்று இலக்கத்தையும் ஒரே கோட்டில் அடித்து மேலே 399 எழுதினால் வேலை முடிந்தது. 12 − 5 = 7, 399 − 178 = 221. 2217.

#8 ஆணிமணி

இது அருமை சார், வகுப்பில் அப்படியே சொல்லலாம். 1000, 5000 மாதிரி எண்ணுக்கு இன்னும் ஒன்று: இரண்டிலும் 1 குறைத்துவிடுங்கள். 1000 − 367ஐ 999 − 366 ஆக்கினால் 633. உடைக்கிற வேலையே இல்லை. திண்ணை சொன்ன அதே அடிப்படை, திசை மட்டும் எதிர்.

#9 பவழக்கொடி

இடையில் நுழைகிறேன். அபாகஸ் வகுப்புக்கும் வேதக் கணித வகுப்புக்கும் போகும் பிள்ளைகளுக்கும் இதே பிரச்சினை. பள்ளி நோட்டில் வெறும் விடை மட்டும் இருக்கிறது, படியே இல்லை. என்ன செய்வது?

#10 திண்ணை

ரெண்டும் வேற வேற கதை.

அபாகஸ் இடமிருந்து வலமாகப் போகும். 523லிருந்து 278: முதலில் 200 எடு, 323. 70 எடுக்க மணி இல்லை, 100 எடுத்து 30 போடு, 253. 8 எடுக்க 10 எடுத்து 2 போடு, 245. முழுக்க முழுக்கச் சரியான முறை. ஆனா இடைவிடைகள் மணியிலேயோ மனசிலேயோ அழிஞ்சு போகுது, தாளில் எதுவும் நிற்காது. விடை பிசகினா எங்கே பிசகிச்சுன்னு பிள்ளைக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. 523, 323, 253, 245 என்று இடைவிடைகளை மட்டும் ஒரு வரியில் அம்புக்குறி போட்டு எழுதப் பழக்குங்க. வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

வேதக் கணிதம்னு சொல்றது பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதி, அவர் காலமான பிறகு 1965இல் வந்த புத்தகத்திலிருந்து எடுத்த குறுக்குவழிகள். அதில் சிக்கல், எல்லை தெரியாமல் பயன்படுத்துறது. 97 × 96க்கு நூறிலிருந்து குறைவு 3, 4. 97 − 4 = 93, 3 × 4 = 12, விடை 9312. அழகு. அதே கையோடு 98 × 97 போட்டா 95, 6 என்று வரும், பிள்ளை 956னு எழுதும். சரியானது 9506, ஏன்னா பின்பகுதிக்கு ரெண்டு இடம் கட்டாயம். 88 × 87 போட்டா 75, 156. பிள்ளை 75156னு ஒட்டிவிடும். 7500உடன் 156ஐக் கூட்டி 7656 வரணும். முன்பகுதி "நூறுகள்" என்பது விளங்கியிருந்தா ரெண்டு தப்புமே நடக்காது.

11ஆல் பெருக்கறதும் அப்படியே. 85 × 11க்கு 8, 13, 5ஐ வரிசையா வெச்சு 8135னு எழுதற பிள்ளைகள் ஏராளம். 935 என்று வரணும். எட்டாயிரம் எங்கே, தொள்ளாயிரம் எங்கே! தோராயமா 85 × 10 = 850 என்று ஒரு பார்வை பார்த்தாலே பிடிபடும்.

#11 கறார்கணக்கு

பெரிய வகுப்புப் பெற்றோருக்கும் இரண்டு வார்த்தை. மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகளில் முறையை யாரும் பார்ப்பதில்லை. 2, 5, 8 மதிப்பெண் கேள்விகளில் படிகளுக்குத்தான் மதிப்பெண். கேள்வியிலேயே "வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்க", "நீள் வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காண்க" என்று இருந்தால் வேறு முறை எவ்வளவு சரியானாலும் கேட்டதற்குப் பதில் இல்லை. முறை சொல்லாத கேள்வியில் எந்தச் சரியான முறையும் செல்லும், படி தெளிவாக இருந்தால்.

சொந்த முறையில் போடும் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் முறையால் இல்லை, சமக்குறியால். "ஓர் எண்ணை 3ஆல் பெருக்கி 5 கூட்டினால் 20, எண் என்ன?" பிள்ளை பின்னாலிருந்து வருகிறது, நல்ல வழி. ஆனால் எழுதுவது:

20 − 5 = 15 ÷ 3 = 5

இந்த வரி பொய். 20 − 5க்கும் 15 ÷ 3க்கும் சமம் இல்லை. இங்கே சுழிப்பவர் சரியாகத்தான் சுழிக்கிறார். இரண்டு வரியாகப் பிரித்தால் தீர்ந்தது. இந்தப் பின்னோக்கு வழிக்கும் ஓர் எல்லை உண்டு. "ஓர் எண்ணின் 3 மடங்குடன் 5 கூட்டினால், அதே எண்ணுடன் 17 கூட்டியதற்குச் சமம்" என்றால் எங்கிருந்து பின்னால் போவது? அங்கே சமன்பாடு எழுதித்தான் ஆக வேண்டும். விடை 6.

#12 ஓரலகு

ஆறு, ஏழாம் வகுப்பில் இன்னொரு இடம். 6 பேனா 72 ரூபாய், 15 பேனா எவ்வளவு? புத்தகம் ஒன்றின் விலை 12 என்று கண்டு 15ஆல் பெருக்கச் சொல்லும். பிள்ளை 12 பேனா 144, 3 பேனா 36, ஆக 180 என்று போடும். இது கடைவீதி வழி. பிரேசிலில் ரெசிஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த பிள்ளைகளிடம் கராஹேர் தம்பதியும் ஷ்லீமானும் 1985இல் பார்த்தது இதைத்தான். ஒன்று 35 குருசேரோ (அப்போதைய பிரேசில் நாணயம்) என்றால் பத்துத் தேங்காய்க்கு ஒரு பையன் மூன்று மூன்றாகச் சேர்த்து 105, 210, 315, அப்புறம் ஒன்று, 350 என்று சொன்னான். வியாபாரத்தில் நூற்றுக்கு 98 சரி. அதே கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37க்கும் குறைவு. கொல்கத்தா, டெல்லிச் சந்தைப் பிள்ளைகளிடம் இதே பிளவு இருப்பதாக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு 2025இல் வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் அங்கே தலைகீழ்: தாளில் வரும், சந்தைக் கணக்கில் திணறும்.

ஆகவே இரண்டு வழியையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாவிட்டால், பிள்ளை தானாக இணைத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. இந்தச் சேர்த்துச் சேர்த்துப் போடும் வழி எதிர் மாறலில், அதாவது ஒன்று கூடினால் மற்றது குறையும் கணக்கில், உதைக்கும். 6 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 12 பேர் 20 நாளில் முடிப்பதாக எழுதிவிடும்!

பின்ன வகுத்தலிலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 8/15 ÷ 2/3க்கு மேலே 8 ÷ 2 = 4, கீழே 15 ÷ 3 = 5, விடை 4/5 என்று பிள்ளை போட்டால் பலர் சுழிப்பார்கள். அது முழுக்கச் சரி, எல்லாப் பின்னத்துக்கும் பொருந்தும். 3/4 ÷ 2/5இல் 1.5/0.8 என்று அசிங்கமாக வரும், அவ்வளவுதான். அந்த இடத்தில் தலைகீழாக்கிப் பெருக்குவது வசதி.

#13 தேனருவி

நான்கு கணக்கும் கொடுத்தேன். 645 − 382க்கு 257 என்று போட்டாள், மற்ற மூன்றும் சரி. இப்போது பள்ளி முறைக்கு எப்படிக் கொண்டுபோவது? அவள் வழியை மறக்கடிக்க விருப்பமில்லை.

#14 ஆணிமணி

மறக்கடிக்க வேண்டாம். முதலில் அந்த 257. "3 மிச்சம், 40 குறையுது" என்று சொல்லை எழுதவிடுங்கள், இரண்டு வாரத்துக்குக் கூட்டல் கழித்தல் குறி வேண்டாம்.

பிறகு பணம். ஐந்து 100, இரண்டு 10, மூன்று 1 ரூபாய் மேசையில். "278 கொடு" என்று கேளுங்கள். பக்கத்தில் சில்லறைப் பெட்டி: பத்து 10, பத்து 1. அவள் முதலில் 200ஐ எடுத்துக் கொடுப்பாள். 70க்கு இரண்டு பத்துதான் இருக்கும், ஒரு நூறை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுகிற ஒவ்வொரு முறையும் தாளில் இலக்கத்தை அடித்து மேலே புதிய எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது நாள் நிபந்தனை: கொடுப்பதற்கு முன்னாலேயே தேவையான சில்லறை எல்லாம் மாற்றி வைத்துக்கொள். இப்போது மேசையில் 4 நூறு, 11 பத்து, 13 ஒன்று. அதுதான் புத்தகத்தில் இருக்கிற படம்.

நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் பள்ளி முறை, வலப்பக்கம் "சரிபார்த்தல்" என்ற தலைப்பில் அவள் முறை. பள்ளி கேட்டது கிடைக்கிறது, இவளுக்குச் சொந்தமாக ஒரு சரிபார்க்கும் கருவியும் இருக்கிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் இதை ஏற்பார்கள்.

#15 கறார்கணக்கு

சரிபார்த்தலுக்கு 245 + 278 = 523 என்று கூட்டிப் பார்ப்பதே சுருக்கம். சரி, வலப்பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான்காம் வகுப்புக்கு மட்டும் இப்போதே தயாராகுங்கள். இந்த மாதிரிப் பிள்ளைகள் வகுத்தலிலும் துண்டு துண்டாகத்தான் போவார்கள். 952 ÷ 7க்கு 700 எடுத்தால் 100, மீதி 252இல் 210 எடுத்தால் 30, மீதி 42இல் 6, ஆக 136. தடுக்க வேண்டாம். 624 ÷ 6ஐ நீள் வகுத்தலில் போடும் பிள்ளைகள் நடுவில் உள்ள 2க்கு மேலே பூஜ்யம் போட மறந்து 14 என்று எழுதுவார்கள். துண்டாகப் போகிற பிள்ளை 600க்கு 100, 24க்கு 4, 104 என்று வந்துவிடும். இந்த ஒரு இடத்தில் உங்கள் பெண்ணின் வழிதான் பத்திரம்.

#16 ஆணிமணி

சார் இதைச் சொன்னதைப் பிரேம் போட்டு மாட்டலாம். ஒரே ஒரு சேர்க்கை: துண்டுகளின் ஈவுகளை, 100, 30, 6 என்று, வலப்பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாக இடமதிப்பு மாறாமல் எழுதச் சொல்லுங்கள். கணக்கு நடுவில் சிதறவிட்டால் கடைசியில் ஒன்றைக் கூட்ட மறந்து 130இல் நின்றுவிடும்.